சாலையில் ஓடும் பெர்ஃபார்மன்ஸ் காருக்கு எக்ஸாஸ்ட் தேர்வு: அளப்பதில் தொடங்கி மாட்டி முடிக்கும் வரை

எக்ஸாஸ்ட் மாற்ற நினைக்கும் புதியவர் முதலில் கேட்பது, சத்தம் எப்படி இருக்கும் என்பதை. அடுத்தது, எத்தனை குதிரைத்திறன் கூடும் என்பதை. இரண்டுக்கும் முன்னால் விடை தெரிய வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இப்போது காரில் இருக்கும் குழாயில் வாயு எந்த இடத்தில் திணறுகிறது? அது தெரியாமல் வாங்கும் பாகம் பணத்தைத் தின்னும், சத்தத்தைக் கூட்டும், வண்டியின் வேகத்தில் எந்த மாற்றமும் தெரியாது.

பந்தயத் தடத்தில் மட்டும் ஓடும் காருக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது. இங்கே பேசுவது டிராஃபிக்கில் நின்று கிளம்புகிற, நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் மணிக்கணக்கில் ஓடுகிற, புகைச் சோதனைக்குப் போய்வர வேண்டிய, விடியற்காலையில் அக்கம்பக்கத்தார் தூங்கும்போது ஸ்டார்ட் ஆகிற காரைப் பற்றி. அப்படிப்பட்ட காருக்கு, வேலைக்குப் போதுமான அளவில் மிகச் சிறிய மாற்றம் எதுவோ அதுவே நல்ல மாற்றம்.

பாதையும் பெயர்களும்

இன்ஜினிலிருந்து பின்பம்பர் வரை வாயு போகும் வழியை மனதில் ஒருமுறை வரைந்துகொள்ளுங்கள். சிலிண்டர் ஹெட்டிலிருந்து வெளிவரும் வாயுவை மேனிஃபோல்டு ஒன்றுசேர்க்கிறது. வார்ப்பிரும்புக்குப் பதில் தனித்தனிக் குழாய்களாக வளைத்துச் செய்திருந்தால் அதை ஹெடர் என்பார்கள். டர்போ காரில் மேனிஃபோல்டுக்கு அடுத்து, வெளியேறும் வாயுவால் சுழலும் டர்போவின் சக்கரமான டர்பைன், அதன் வாயிலிருந்து இறங்கும் குழாய் டவுன்பைப். பிறகு புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், கரகரப்பை அடக்கும் ரெசொனேட்டர், நடுக்குழாயான மிட்பைப், பின் சைலன்சர், கடைசியில் வெளியே தெரியும் டிப்.

கடையில் விற்கும் கிட்களின் பெயர் இந்த வரிசையில் எங்கே வெட்டுகிறார்கள் என்பதைச் சொல்கிறது. ஆக்சில்-பேக் என்றால் பின் அச்சுக்குப் பிறகு வரும் சைலன்சரும் டிப்பும் மட்டும். கேட்-பேக் என்றால் கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள முழுக் குழாயும். டர்போ-பேக் என்றால் டவுன்பைப்பும் கன்வெர்ட்டரும் சேர்ந்தது. ஆக்சில்-பேக் மாற்றினால் மாறுவது பெரும்பாலும் குரல்தான். திறனில் வித்தியாசம் தேடாதீர்கள். சத்தம் மட்டும் போதும் என்பவர்கள் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அதில் எந்தக் குறையும் இல்லை.

இன்னொன்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள். பல புதிய இன்ஜின்களில் மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே சேர்த்து வார்க்கப்பட்டிருக்கும். அந்த இன்ஜினுக்கு ஹெடர் என்ற பேச்சே கிடையாது. புதிய பெட்ரோல் டர்போ கார்கள் சிலவற்றில் கன்வெர்ட்டரோடு துகள் வடிகட்டியும் இருக்கும். அதன் இரு பக்க அழுத்தத்தையும் ஒரு சென்சார் கண்காணிக்கிறது. அந்தக் காரின் பழைய மாடலுக்குச் செய்த கிட் இதற்குப் பொருந்தாது. ஆண்டையும் இன்ஜின் குறியீட்டையும் சரிபார்க்காமல் ஆர்டர் செய்ய வேண்டாம்.

வாங்கும் முன் அளந்து பாருங்கள்

தேவையானது 0 முதல் 1 பார் வரை காட்டும் அழுத்தமானி ஒன்று, கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள ஆக்சிஜன் சென்சாரின் துளையில் பொருந்தும் அடாப்டர் ஒன்று, இரண்டையும் இணைக்க அரை மீட்டர் செம்புக் குழாய். ரப்பர் குழாயை நேரடியாக மாட்டினால் உருகிவிடும். செம்புக் குழாயில் சூடு தணிந்த பிறகு ரப்பரை இணைக்கலாம். சென்சாரின் இழை பெரும்பாலும் எம்18, 1.5 மி.மீ பிட்ச்.

இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலிங்கில் சுமார் 0.1 பாருக்குள்ளும், நின்ற இடத்தில் 2500 ஆர்பிஎம்மில் 0.2 பாருக்குள்ளும் முள் நிற்க வேண்டும். அதைத் தாண்டினால் குழாய் சிறியது என்று முடிவு கட்டாதீர்கள். கன்வெர்ட்டரின் உள்கூடு உருகி அடைத்திருக்கலாம், சைலன்சரின் உள் தடுப்பு கழன்று வழியை மறித்திருக்கலாம். அப்படி நோயுள்ள காரில் கேட்-பேக் மாட்டினால் நோய் அப்படியே இருக்கும்.

நின்ற இடத்துச் சோதனை அடைப்பைக் காட்டும். உண்மையான திணறலைக் காட்ட முழுச் சுமை வேண்டும். காரை நிறுத்தியபடியே சக்கரத்தின் திறனை அளக்கும் டைனோவில் முழு த்ராட்டிலில் அதிகத் திறன் வரும் ஆர்பிஎம் வரை இழுத்து, அதே மானியைக் கன்வெர்ட்டருக்கு முன்பும் பின்பும் வைத்துப் படியுங்கள். பின்பக்கத் துளையிலும் அழுத்தம் ஏறக்குறைய அதே அளவு இருந்தால் குற்றவாளி மிட்பைப்போ சைலன்சரோதான். கேட்-பேக் பலன் தரும். பின்னால் அழுத்தம் மிகக் குறைந்து முன்னால் மட்டும் அதிகம் என்றால் கன்வெர்ட்டர்தான் இடைஞ்சல். இரண்டு இடத்திலும் முள் அசையவே இல்லையென்றால் தொழிற்சாலைக் குழாய் போதுமானது. அதன்பிறகு நீங்கள் வாங்குவது ஒலியும் எடைக் குறைப்பும் மட்டுமே.

பேக் பிரஷர் பற்றி நிலவும் தவறான எண்ணம்

"இன்ஜினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் வேண்டும், இல்லாவிட்டால் டார்க் போய்விடும்" என்று பலர் சொல்வார்கள். பேக் பிரஷர் என்பது வாயு வெளியேறுவதை எதிர்க்கும் அழுத்தம், டார்க் என்பது இன்ஜினின் சுழற்று விசை. கண்ணால் பார்த்தது உண்மை, சொல்லும் காரணம் தவறு. எந்த இன்ஜினும் தன் கழிவு வாயுவை வெளியே தள்ளச் சிரமப்படுவதால் பலம் பெறுவதில்லை. அளவுக்கு மீறிய பெரிய குழாய் மாட்டும்போது டார்க் குறைவதற்குக் காரணம், வாயுவின் வேகம் குறைவது.

டர்போ இல்லாத இன்ஜினில் நடப்பது இது. எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாயில் பாய்கிறது. குழாய்கள் ஒன்றுசேரும் இடத்தில் பரப்பு திடீரென்று விரிவதால் அந்த அலையின் ஒரு பகுதி எதிர்மறை அலையாகத் திரும்பி வருகிறது. இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் ஒருசேரத் திறந்திருக்கும் நொடியில் அது சிலிண்டரை வந்தடைந்தால், மிச்ச வாயுவை உறிஞ்சி வெளியேற்றி, புதுக் காற்றையும் உள்ளே இழுக்கும். ஹெடர் குழாயின் நீளமும் விட்டமும் இந்தச் சந்திப்பு எந்த ஆர்பிஎம்மில் நடக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன. அதனால்தான் நான்கு குழாய் இரண்டாகி, பிறகு ஒன்றாகும் 4-2-1 ஹெடர் நடு ஆர்பிஎம்மில் பரவலாக டார்க் தரும். நான்கும் ஒரே இடத்தில் சேரும் 4-1 ஹெடர் உச்ச ஆர்பிஎம்முக்கு ஏற்றது. தினசரி ஓட்டும் காருக்கு 4-2-1 எடுப்பதே சரி.

டர்போ கார் வேறு கணக்கு. டர்பைனுக்குப் பிறகு எவ்வளவு தடையில்லாமல் வாயு வெளியேறுகிறதோ அவ்வளவு நல்லது. டர்பைன் சுழல்வதே அதன் இரு பக்க அழுத்த வித்தியாசத்தால்தான். அதனால் டர்போ காரில் பெரிய பலன் டவுன்பைப்பில் கிடைக்கும், டர்போ இல்லாத காரில் ஹெடரில் கிடைக்கும். டர்போ இல்லாத காரில் கேட்-பேக் தருவது சிறு அளவு மட்டுமே. விளம்பரத்தில் அதைவிடப் பெரிய எண்ணைப் பார்த்தால், அது சக்கரத்தில் அளந்ததா, மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒரே நாளில் ஒரே டைனோவில் அளந்ததா என்று கேளுங்கள்.

டவுன்பைப் மாற்றினால், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவின் டியூனும் சேர்ந்தே வர வேண்டும். தடை குறைந்ததும் டர்பைன் முன்பைவிட வேகமாகச் சுழலும். சிறிய வேஸ்ட்கேட் உள்ள டர்போவில் உபரி வாயுவைத் திருப்பிவிட வழி போதாமல், ஆர்பிஎம் ஏற ஏற பூஸ்ட், அதாவது டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம், தானாகவே மேலே நகரும். ஈசியூ அதைக் கண்டால் பி0234 என்ற குறியீட்டைப் பதித்து இன்ஜினைப் பாதுகாப்பு நிலைக்குத் தள்ளும். காணாவிட்டால் இன்னும் மோசம்: கலவையில் பெட்ரோல் போதாமல் பிஸ்டன் வரை சேதம் போகலாம்.

விட்டம் எவ்வளவு

சாலைக் காருக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. 1.65 மி.மீ தடிமன் கொண்ட ஒற்றைக் குழாயின் உட்பரப்பில் ஒரு சதுர அங்குலத்துக்கு நிமிடத்துக்கு 115 கன அடி வாயு போகலாம் என்றும், ஒரு குதிரைத்திறனுக்கு 2.2 கன அடி வேண்டும் என்றும் எடுத்துக்கொண்டால் கிடைப்பது இது: 2 அங்குலக் குழாய், அதாவது 51 மி.மீ, சுமார் 140 குதிரைத்திறன் வரை. 2.25 அங்குலம், 57 மி.மீ, சுமார் 185 வரை. 2.5 அங்குலம், 63.5 மி.மீ, சுமார் 230 வரை. 3 அங்குலம், 76 மி.மீ, சுமார் 335 வரை. இவை எச்சரிக்கையான எண்கள். இதற்கு மேலும் குழாய் வேலை செய்யும், கொஞ்சம் கொஞ்சமாகத் தடை கூடும். இரட்டைக் குழாய் என்றால் திறனைப் பாதியாகப் பிரித்துக் கணக்கிடுங்கள்.

பரப்பு விட்டத்தின் வர்க்கத்தில் கூடுகிறது என்பதைப் புதியவர்கள் கவனிப்பதில்லை. 63.5-லிருந்து 76 மி.மீட்டருக்குப் போவது பார்வைக்கு அரை அங்குலம். பரப்பில் 44 சதவீதம். 160 குதிரைத்திறன் கொண்ட டர்போ இல்லாத காரில் 76 மி.மீ குழாய் போட்டால் சத்தமும் எடையும் கூடும், அடி ஆர்பிஎம் துடிப்பு மங்கும். அதே காருக்கு 57 மி.மீ தாராளம். டர்போ காரில், பின்னால் பூஸ்ட் கூட்டும் திட்டம் உறுதியாக இருந்தால் மட்டும் ஒரு அளவு மேலே எடுக்கலாம்.

விட்டத்துக்கு நிகரான முக்கியத்துவம் வளைவுக்கு உண்டு. மேண்ட்ரல் வளைவில் குழாயின் உள்ளே அச்சு வைத்து வளைப்பதால் வட்டம் வட்டமாகவே இருக்கும். சாதாரண அழுத்த வளைவில் உள்பக்கம் சுருங்கி நசுங்கும், 63.5 மி.மீ குழாய் அந்த இடத்தில் அடுத்த சிறிய அளவுக்கு இறங்கிவிடும். கிட்டின் படத்தைப் பெரிதாக்கி வளைவின் உட்புறத்தைப் பாருங்கள். சுருக்கங்கள் தெரிந்தால் அதைத் தள்ளிவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

கன்வெர்ட்டரை விட்டுவைக்க வேண்டிய காரணம்

பொதுச் சாலையில் ஓடும் காரிலிருந்து கன்வெர்ட்டரை எடுத்துவிடுவது பெரும்பாலான நாடுகளில் சட்ட விரோதம். சட்டத்தை ஒதுக்கிவைத்தாலும், கன்வெர்ட்டர் இல்லாத கார் நிற்கும் இடமெல்லாம் எரியாத பெட்ரோல் நாற்றமும் கார்பன் மோனாக்சைடும் கூடவே நிற்கும். அந்தக் காற்றை முதலில் சுவாசிப்பவர்கள் காருக்குள்ளும் அதன் பின்னாலும் இருப்பவர்கள்தான்.

தடை குறைய வேண்டுமென்றால் ஹை-ஃப்ளோ கன்வெர்ட்டர் பாருங்கள். உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற அடுக்கில் ஒரு சதுர அங்குலத்துக்கு எத்தனை அறைகள் என்பதே அதன் அளவீடு. 400 அறை கொண்டது தொழிற்சாலைப் பாகத்துக்கு அருகில் நிற்கும், புகைச் சோதனையில் தேறும் வாய்ப்பு அதிகம். 200 அறை கொண்டதில் வாயு எளிதாகப் போகும், சுத்திகரிப்பு குறையும். கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சார் அதைக் கண்டு பி0420 குறியீட்டைக் காட்டக்கூடும். இரண்டு வரிசை இன்ஜின் என்றால் மறுபக்கத்துக்கு பி0430. பின் சென்சாரைக் குழாயிலிருந்து தள்ளிவைக்கும் இடைத்துண்டு மாட்டி விளக்கை அணைக்கச் சொல்வார்கள். விளக்கு அணையும், புகை சுத்தமாகாது. சோதனை நிலையத்தில் குழாயிலேயே மானியை வைத்தால் உண்மை வெளிவந்துவிடும்.

கன்வெர்ட்டர் வேலை செய்யத் தொடங்கச் சுமார் 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். தொழிற்சாலையில் அதை இன்ஜினுக்கு ஒட்டி வைப்பது அதனால்தான். இடவசதிக்காக அதைப் பின்னுக்குத் தள்ளும் கிட்களில், குளிர் ஸ்டார்ட்டுக்குப் பின் சுத்திகரிப்பு தாமதமாகும். த்ராட்டிலை விட்டதும் படபடவென வெடிக்கும் டியூன் பலருக்குப் பிடித்திருக்கிறது. எரியாத பெட்ரோலை வேண்டுமென்றே எக்ஸாஸ்டுக்குள் அனுப்பி அங்கே எரியவிடுவதுதான் அது. புதுக் கன்வெர்ட்டரின் உள்கூட்டை அது உருக்கிவிடும். இரண்டையும் ஒரே காரில் வைத்திருக்க முடியாது.

சைலன்சரும், காருக்குள் முழங்கும் சத்தமும்

அறை வகைச் சைலன்சரில் தடுப்புச் சுவர்களில் மோதி ஒலி தன்னைத்தானே அழிக்கும். தடை கொஞ்சம் அதிகம், குரல் ஆழமாக இருக்கும், ஆண்டுகள் போனாலும் மாறாது. நேர்வழி வகையில் துளையிட்ட குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழை அடைத்திருக்கும். தடை மிகக் குறைவு. ஆனால் இழை மெல்ல எரிந்தும் பறந்தும் போவதால் வாங்கிய நாளில் இருந்ததைவிடச் சத்தம் கூடிக்கொண்டே போகும். வாங்கும்போதே உங்கள் பொறுமையின் எல்லையில் இருக்கும் சைலன்சரை எடுக்காதீர்கள். உள்ளே மாற்று இழை அடைக்க வழி இருக்கும்படி போல்ட் போட்ட மாடல் கிடைத்தால் அதை எடுங்கள்.

சாலைக் காரில் எக்ஸாஸ்டைக் கழற்றித் திரும்ப விற்கவைக்கும் முதல் காரணம் உச்சச் சத்தம் அல்ல. நெடுஞ்சாலை வேகத்தில் ஒரே சுரத்தில் காதை அழுத்தும் முழக்கம்தான். இதை ட்ரோன் என்பார்கள். இதைக் கடையில் நின்று, இரண்டு முறை ஆக்சிலரேட்டரை மிதித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. காணொளியிலும் கேட்காது, கைபேசி மைக் தாழ்ந்த ஒலியைச் சரியாகப் பிடிப்பதில்லை. ஆனால் கணக்குப் போட்டு முன்கூட்டியே அறியலாம்.

இன்ஜினின் வெடிப்பு அதிர்வெண் காண, நான்கு சிலிண்டர் என்றால் ஆர்பிஎம்மை 30-ஆல் வகுங்கள். ஆறு சிலிண்டருக்கு 20-ஆல், எட்டுக்கு 15-ஆல். நான்கு சிலிண்டர் காரில் நீங்கள் வழக்கமாகப் போகும் வேகத்தில் 3000 ஆர்பிஎம் என்றால் அதிர்வெண் 100 ஹெர்ட்ஸ். அந்த எண்ணும் குழாயின் இயல்பான ஒத்ததிர்வும், காரின் உள்வெளியின் ஒத்ததிர்வும் ஒரே இடத்தில் விழுந்தால் முழக்கம் பிறக்கிறது. பின்கதவும் சாமான் இடமும் ஒரே கூடமாக இருக்கும் ஹேட்ச்பேக்கில் இது இன்னும் மோசம். எனவே முதல் வேலை, டாப் கியரில் உங்கள் வழக்கமான வேகத்தில் ஆர்பிஎம் எத்தனை என்று குறித்துக்கொள்வது. கிட் விற்பவரிடம் "ட்ரோன் இருக்குமா" என்று பொதுவாகக் கேட்காமல், "இந்த ஆர்பிஎம்மில் இருக்குமா" என்று கேளுங்கள்.

ரெசொனேட்டரோடு வரும் கிட், ரெசொனேட்டர் இல்லாத கிட் என்று இரண்டு தேர்வு இருந்தால் ரெசொனேட்டரோடு எடுங்கள். நேர்வழி ரெசொனேட்டர் திறனில் கணக்கில் வராத அளவே எடுக்கும். கரகரப்பை அது நன்றாக அடக்கும். இருந்தும் ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் முழக்கம் மிஞ்சினால், மறுமுனை அடைத்த பக்கக் குழாய் ஒன்றை வெல்டு செய்வது வழி. அதன் நீளம் அந்த ஒலி அலைநீளத்தில் கால் பங்கு. 300 டிகிரி செல்சியஸ் வாயுவில் ஒலி நொடிக்குச் சுமார் 480 மீட்டர் போகும்; 100 ஹெர்ட்ஸுக்குக் கால் அலை 1.2 மீட்டர். ஆனால் அடைத்த குழாயில் ஓட்டம் இல்லாததால் வாயு குளிர்ந்திருக்கும். 150 டிகிரி என்றால் ஒலி வேகம் 412 மீட்டர், நீளம் 1.03 மீட்டர். ஆகவே நீளமாக மாட்டி, ஓட்டிப் பார்த்து, 3 செ.மீ வீதம் வெட்டிக் குறைத்து, சரியான இடத்தில் மூடியை வெல்டு செய்யுங்கள். முதலிலேயே குட்டையாக வெட்டினால் நீட்ட முடியாது. பின்வாய்க்கு மிக அருகில் இதை வைத்தால் பலன் இருக்காது. பின் சைலன்சருக்கு முன்னால் வையுங்கள்.

வி வடிவ இன்ஜினில் இரண்டு பக்கக் குழாய்களையும் எச் வடிவில் இணைத்தால் கனத்த குரல், எக்ஸ் வடிவில் இணைத்தால் சீரான, கொஞ்சம் உயர்ந்த குரல். இணைப்பே இல்லாமல் விட்டால் சத்தம் கரடுமுரடாகும்.

சட்ட வரம்பு எவ்வளவு என்பதை உங்கள் பகுதி விதியில் பாருங்கள். அளக்கும் முறை ஐஎஸ்ஓ 5130-இல் இருக்கிறது: குழாய் வாயிலிருந்து அரை மீட்டர், 45 டிகிரி கோணம், குறித்த ஆர்பிஎம். 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரு மடங்கு சத்தமாகப் படும் என்பதை நினைவில் வைத்து, கிட்டின் எண்ணைத் தொழிற்சாலை எண்ணோடு ஒப்பிடுங்கள்.

உலோகம்

அலுமினியம் பூசிய எஃகு விலை குறைவு. பூச்சு கீறிய இடத்திலும் வெல்டு செய்த இடத்திலும் துரு தொடங்கும். 409 ஸ்டெயின்லெஸ் மேலே பழுப்பேறும், ஓட்டையாக நாளாகும். 304-இல் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. பெரும்பாலான சாலைக் கார்களுக்கு இதுவே போதும். டர்போ மேனிஃபோல்டு போல மிகச் சூடாகும் இடத்துக்கு 321. டைட்டானியம் எடையில் ஸ்டெயின்லெஸ்ஸைவிட 40 சதவீதத்துக்கு மேல் குறையும், குரல் மெலிந்து உலோகத்தனமாக இருக்கும். சரியான வாயுக் காப்பு இல்லாமல் வெல்டு செய்தால் வெல்டு ஓரத்தில் விரிசல் விடும்.

304 சூட்டில் நன்றாக நீளும். 2 மீட்டர் குழாய் 400 டிகிரி ஏறினால் சுமார் 14 மி.மீ. குழாயை இறுக்கிப் பிடித்துவைத்தால் அந்த 14 மி.மீட்டரும் வெல்டுகளைப் பிளந்துதான் வழி தேடும். இன்ஜின் குறுக்காக நிற்கும் காரில் அது ஆடும் அசைவும் சேரும். அதனால் முன்பகுதியில் பின்னல் போட்ட ஃபிளெக்ஸ் குழாய் இல்லாத கிட்டை வாங்காதீர்கள். ஹெடரில் சூட்டுத் துணி சுற்றுவதும் யோசித்துச் செய்ய வேண்டியது. ஈரத்தைப் பிடித்துவைத்துச் சாதா எஃகை அரித்துவிடும். செராமிக் பூச்சு நல்லது.

மாட்டும் வேலை

முந்தின இரவே எல்லா நட்டுகளிலும் துரு இளக்கும் எண்ணெய் விட்டுவையுங்கள். இன்ஜின் முழுக்கக் குளிர்ந்த பிறகு, சமதளத்தில், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, காரைத் தாங்கும் ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கை நம்பிக் காருக்கடியில் போகவே கூடாது.

1. பேட்டரி இணைப்பை எடுத்து, ஆக்சிஜன் சென்சார் பிளக்குகளைக் கழற்றுங்கள். வயரை முறுக்காமல், பக்கம் வெட்டிய சாக்கெட் கொண்டு சென்சாரை எடுங்கள்.
2. ரப்பர் ஹேங்கர்களில் சோப்புத் தண்ணீர் தெளித்து இழுங்கள். வெடித்த ரப்பரை அப்போதே மாற்றிவிடுங்கள். பழைய குழாயை யாராவது பிடித்திருக்க வேண்டும். அது திடீரென்று விழுந்தால் காயமாகும்.
3. புதுக் கேஸ்கட்டுகளோடு முன்னிருந்து பின்னாக எல்லாவற்றையும் தளர்வாக மாட்டுங்கள். சொருகும் இணைப்பில் முன்குழாய் உள்ளேயும் பின்குழாய் வெளியேயும் இருக்க வேண்டும். குறைந்தது 40 மி.மீ ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும்.
4. காரின் அடித்தட்டிலிருந்து எல்லா இடத்திலும் 25 மி.மீ இடைவெளி விடுங்கள். பிரேக் ஹோஸ், பெட்ரோல் குழாய் அருகே இன்னும் அதிகம். கழற்றிய வெப்பத் தடுப்புத் தகடுகளை ஒன்றுவிடாமல் திரும்ப மாட்டுங்கள்.
5. டிப் பம்பரைத் தாண்டி வெளியே வர வேண்டும். உள்ளே நின்றால் பம்பர் உருகும், வாயு காருக்குள் திரும்பும்.
6. வரிசையாக முன்னிருந்து பின்னாக இறுக்குங்கள். சென்சாருக்கு 40 முதல் 50 நியூட்டன் மீட்டர் போதும். மசகு இழையில் மட்டும், முனையில் படக் கூடாது. சென்சாருக்கு முன்னால் எங்கும் சாதாரண சிலிகான் பேஸ்ட் வேண்டாம். அதன் ஆவி சென்சாரைக் கெடுத்துவிடும்.

புதுச் சென்சார் துளை வெல்டு செய்வதாக இருந்தால் அது குழாயின் மேல் பாதியில், கிடைமட்டத்துக்குக் குறைந்தது 10 டிகிரி மேலே இருக்கட்டும். கீழே வைத்தால் குளிர் ஸ்டார்ட்டில் சேரும் தண்ணீர் அதன் செராமிக்கை உடைக்கும். தொழிற்சாலைக் குழாயில் மோட்டார் வால்வு இருந்து, புதிய கிட்டில் அதற்கு இடம் இல்லாவிட்டால், பிளக்கை அப்படியே தொங்கவிட்டால் எச்சரிக்கை விளக்கு எரியும். கிட் தயாரிப்பவர் என்ன வழி வைத்திருக்கிறார் என்று முன்பே கேளுங்கள்.

இணைப்பு வகையில் அகலப் பட்டைக் கிளாம்பும் வி-பேண்டும் நல்லவை. யூ-போல்ட் கிளாம்ப் குழாயை நசுக்கிப் பிடிப்பதால் பிறகு கழற்ற வெட்டத்தான் வேண்டியிருக்கும்.

முதல் ஸ்டார்ட்டும் அதன் பிறகும்

ஸ்டார்ட் செய்யும் முன் குழாயை ஆல்கஹால் துணியால் துடையுங்கள். கைரேகை எண்ணெய் சூட்டில் ஸ்டெயின்லெஸ்ஸில் நிரந்தரமாகப் பதிந்துவிடும். முதல் ஓட்டத்தில் வரும் மெல்லிய புகை, செய்யும்போது பட்ட எண்ணெய் எரிவது; சிறிது நேரத்தில் நின்றுவிடும். கராஜுக்குள் அல்ல, திறந்த வெளியில் ஸ்டார்ட் செய்யுங்கள்.

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே, கெட்டித் துணியால் டிப்பை ஓரளவு மறைத்து ஒவ்வொரு இணைப்பிலும் சீறல் கேட்கிறதா பாருங்கள். சந்தேகமான இடத்தில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். முன்பகுதிக் கசிவு பின்பகுதிக் கசிவைவிட ஆபத்து. காரணம், கசிவு வழியாக வாயு வெளியே மட்டும் போவதில்லை. அழுத்த அலைகளுக்கு நடுவே வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படும். முன் சென்சார் அந்த ஆக்சிஜனைக் கண்டு பெட்ரோல் குறைவு என்று நம்பி, ஈசியூவைக் கூடுதல் பெட்ரோல் ஊற்றவைக்கும். கலவையில் பெட்ரோல் குறைவு என்று சொல்லும் பி0171 குறியீடும் மைலேஜ் குறைவும் சேர்ந்து வந்தால் முதலில் மேனிஃபோல்டு கேஸ்கட்டைப் பாருங்கள்.

100 முதல் 150 கி.மீ ஓடிய பிறகு, மறுபடி குளிரவைத்து எல்லாக் கிளாம்புகளையும் இறுக்கிப் பாருங்கள். முதல் சூட்டுச் சுற்றுகளில் உலோகம் அமர்ந்து இறுக்கம் தளரும். குளிர்ந்திருக்கும்போது மட்டும் டக் டக் என்று கேட்டு, சூடானதும் நின்றால் அது பெரும்பாலும் மேனிஃபோல்டு கேஸ்கட் கசிவு. மேட்டில் ஏறும்போது மட்டும் உலோகம் தட்டினால் ஹேங்கர் இடைவெளி போதவில்லை. ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் தட்டினால் இன்ஜின் மவுண்டைப் பாருங்கள்; இன்ஜின் எதிர்ப்பக்கம் சாயும்போது டவுன்பைப் உடலில் இடிக்கும்.

ஜன்னல் மூடி ஓட்டும்போது புகை வாடையோ தலைவலியோ தெரிந்தால் அன்றே காரை நிறுத்துங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை. வாடை வருகிறது என்றால் அதுவும் கூடவே வருகிறது. டிப்பின் நீளம், பின்கதவு ரப்பர், அடித்தட்டில் மூடாமல் விட்ட துளைகள் என்ற வரிசையில் தேடுங்கள். கண்டுபிடித்து அடைக்கும் வரை அந்தக் காரில் யாரையும் ஏற்ற வேண்டாம்.